மூன்று விநாடி

"போன செவ்வாக்கெழம புதுசு வந்திருக்கு, அமுக்குங்கன்னு போன்ல வந்துச்சு. அமுக்குனேன். அன்னையிலேருந்து அவுக பேச மாட்டேங்காக. என்னன்னு கொஞ்சம் பாருங்கம்மா."

புகார்ப் பக்கத்தில் குரல்பதிவாக வந்திருந்தது இது. அனுப்பியவர் ஆவுடையம்மாள், ஊர் சங்கரன்கோவில். பாளையங்கோட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து ஜெசிந்தா அதை இரண்டு முறை கேட்டாள். செயலியில் வரும் பழுதுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் ஒன்பது வருஷமாக அவள் வேலை. வருகிற புகார்களெல்லாம் பழகிப்போனவை. திறந்ததும் மூடிக்கொள்கிறது, எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்கவில்லை. 'அவுக பேச மாட்டேங்காக' என்று இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

குரலி என்ற அந்தச் செயலி பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கானது. நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். மனதில் சொல்ல நினைக்கும் சொல்லைப் பட்டை எழுத்தெழுத்தாக வாசித்துப் போனுக்கு அனுப்பும். போன் அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். நோய் வருவதற்கு முன்னால் பதிவான பேச்சு ஒரு மணி நேரம் இருந்தால் குரலைச் செய்துவிடலாம்.

ஆவுடையம்மாளின் கணவர் சுடலைமுத்து விஷயத்தில் பதிவுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரக் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடித்தவர். பாடிப் போகிறவன் மூச்சு விட்டாலும் விடுவான், இவர் விடமாட்டார் என்று ஊரில் சொல்வார்களாம். குரலியை முதன்முதலில் வாங்கிய நூறு பேரில் அவர் ஒருவர். நாலு வருஷம் ஆகிவிட்டது.

ஜெசிந்தா போனில் கூப்பிட்டு வழக்கமானதையெல்லாம் கேட்டாள். அணைத்துப் போட்டீர்களா, பட்டையில் பச்சை விளக்கு எரிகிறதா, நெட் வருகிறதா, புதியதை ஏற்றியபோது அனுமதி கேட்டதற்கு வேண்டாம் என்று அமுக்கிவிட்டீர்களா. எல்லாவற்றையும் ஆவுடையம்மாள் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். போனில் இடமே இல்லை என்கிறது, பேத்திக்குக் காது குத்தியபோது ஒரு போட்டோகூட எடுக்க முடியவில்லை.

ஜெசிந்தா அதைப் பிடித்துக்கொண்டாள். எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, குரலிக்கு நேராக இருப்பதை வாசிக்கச் சொன்னாள். பதினொன்று ஜிபி என்று வந்தது. அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. எதையோ அந்தப் போன் மாதக்கணக்கில் சேர்த்துவைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவ்வளவையும் நெட்டில் அனுப்ப முடியாது. மறுநாள் காலை அவளே பஸ் ஏறினாள்.

சுடலைமுத்து ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. கண்கள் மட்டும் ஜெசிந்தா வந்ததிலிருந்து அவளைத் தொடர்ந்தன. ஆவுடையம்மாள் காபி கொடுத்துவிட்டு, அவர் போன திங்கள்வரை எப்படிப் பேசினார் என்று சொன்னாள். காலையில் எழுந்ததும் 'சாப்பிட்டியா ஆவுடை' என்பார். அவள் வெளியே கிளம்பினால் 'பையப் போயிட்டு வா' என்பார். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அவள் குறை சொன்னால் 'விட்டுத் தள்ளு' என்பார். நோய்க்கு முன்னால் வீட்டில் அதிகம் பேசாத மனுஷன், படுத்த பிறகுதான் தன்னிடம் இவ்வளவு பேசினார் என்றாள்.

ஜெசிந்தா பட்டையைச் சோதித்தாள். நன்றாக வேலை செய்தது. போனில் 'காத்திருக்கிறது' என்று இருந்தது. புதிய பதிப்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

"ஐயா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பாமல் கண்களை மட்டும் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. அசதியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். சேர்ந்து கிடந்த பதினோரு ஜிபியையும் பிரதியெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

அலுவலகத்தில் அதைத் திறந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேல் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் பட்டை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ஒரு சொல். முதலாவது போன வருஷம் ஆடி மாதம். ஒரு நாளைக்கு இருநூறு, சில நாள் நானூறு. ஐப்பசியில் குறைந்திருந்தது. தையில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. பங்குனியில் ஐந்தோ ஆறோ. சித்திரை பதினெட்டாம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு ஒன்று. அதோடு சரி. அதற்குப் பிறகு ஐந்து மாதமாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் போன் பேசியிருக்கிறது. 'சாப்பிட்டியா ஆவுடை' மட்டும் நூற்று நாற்பது முறை.

ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் பார்த்தாள். மூன்று விநாடி. மூன்று விநாடி. எல்லாமே மூன்று விநாடி.

பழைய பதிப்பின் நிரலைத் தேடிப் போனாள். அங்கே என்ன இருக்கும் என்று தெரியும். எழுதியவள் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன்பு டாக்டர்களுக்குக் குரலியைக் காட்டவிருந்த நாளில் நெட் மெதுவாக இழுத்தது. நிறுவனத்தை நடத்துகிற நைனா முகம்மது, என்ன ஆனாலும் வெறும் திரை மட்டும் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு வழி செய்தாள். மூன்று விநாடிக்குள் சொல் வந்து சேரவில்லை என்றால், எதிரில் இருப்பவர் என்ன கேட்டார் என்பதைப் போன் கவனித்து, நோயாளி முன்பு சொன்ன வாக்கியங்களில் பொருத்தமான ஒன்றை எடுத்துப் பேசிவிடும். பேசும்போது குழப்பம் வராமலிருக்க, பாதியில் நிற்கும் வாசிப்பை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிரலுக்கு மேலே 'தற்காலிகம், அப்புறம் எடுத்துவிட வேண்டும்' என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். அந்தக் குறிப்பு அப்படியே இருந்தது.

நைனா முகம்மதுவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"போன வருஷம் ஆடியில சங்கரன்கோவில் சுடலைமுத்து காய்ச்சல்ல ரெண்டு நாள் கிடந்திருக்காரு சார், அந்தம்மா போன்ல சொன்னாங்க. அப்போ சின்னதா இன்னொரு வாதம் வந்திருக்கணும். யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை யோசிச்சு முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆவுது. நிமிஷக்கணக்குல. ஆனா மூணு விநாடி ஆனதும் நம்ம செயலி அவர வெட்டிட்டு அதுவா பேசிருது. அவரு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்காரு. மறுபடி வெட்டுது."

நைனா முகம்மது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புதுசுல அது இல்லையே. புதுச எழுதுன சென்னை டீம் அத விட்டுட்டாங்கள்லா?"

"இல்ல சார். புதுசு எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்."

"அப்போ சரியாயிருச்சுல்லா?"

"செயலி சரியாயிருச்சு சார். அவரு முயற்சி பண்றத நிறுத்தி அஞ்சு மாசமாச்சு."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இப்படி இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். அவள் அதையும் எண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள். இரண்டாயிரத்து நூறு பேரில் நாற்பத்தொரு பேருக்கு மாதக்கணக்கில் ஒரு சொல்கூட முழுதாக வந்து சேரவில்லை. பேசியதெல்லாம் செயலி. அந்த வீடுகளில் யாருக்கும் அது தெரியாது.

புதிய பதிப்பு அவர்கள் எல்லோருக்கும் போய்விட்டது, இனி யாரையும் வெட்டாது, அதற்குமேல் போய் எதைச் சொல்வது என்றார் நைனா முகம்மது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வாப்பா வாதத்தில் நாலு வருஷம் கிடந்து இறந்துபோனதால்தான் இந்த நிறுவனத்தையே தொடங்கினார்.

"நாப்பத்தொரு வீட்டுல போய் எழவு சொல்லப் போறியா ஜெசி?" என்றார்.

"அந்த வீட்டுல எல்லாம் ஆள் உயிரோட இருக்காங்க சார். அதத்தான் சொல்லணும்," என்றாள் அவள்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவள் துண்டுகளுக்குத் திரும்பிப் போனாள். சுடலைமுத்து என்ன சொல்லப் பார்த்தார் என்று தெரிய வேண்டும். மூன்று விநாடியில் ஒரு சொல்லின் முதல் எழுத்துதான் பதிந்திருந்தது. முதல் நான்கு மாதம் கிட்டத்தட்ட எல்லாத் துண்டிலும் ஒரே எழுத்து. 'தோ'. தோ, தோ, தோ என்று இருபத்தையாயிரத்துக்கு மேல். இடையிடையே, பெரும்பாலும் போன் 'நல்லாருக்கேன் ஆவுடை' என்று சொல்லி முடித்த உடனே, 'இ' என்று ஒன்று. கடைசி மாதங்களில் 'தோ' குறைந்து 'இ' மட்டுமே இருந்தது.

இரண்டாவது முறை சங்கரன்கோவில் போனபோது, வந்த காரியத்தை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐயா ஏதோ சொல்ல முயற்சி செய்திருக்கிறார், முதல் எழுத்து மட்டும் கிடைத்திருக்கிறது, 'தோ'வில் தொடங்குவது என்னவாக இருக்கும் என்று கேட்டாள்.

ஆவுடையம்மாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தோசையாத்தான் இருக்கும். தோசைன்னா அவுகளுக்கு உசுரு. முறுகலாக் கேப்பாக. இப்போ கஞ்சிதான குடுக்க முடியுது." சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவர் முகத்தில் மாற்றமில்லை.

ஜெசிந்தா அவருடைய மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். சட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆவுடையம்மாள் பொத்தானைக் கழற்றினாள். இடது பக்கத்தைவிட வலது தோள் இரண்டு விரல் கீழே தொங்கியது. எலும்பின் மேல் தோல் பள்ளமாக இருந்தது. ஜெசிந்தா அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள். லேசாகத்தான் வைத்தாள். சுடலைமுத்துவின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

"தோள்," என்றாள் ஜெசிந்தா.

ஆவுடையம்மாள் கையெடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நான் கேட்டேனே என்றாள். தினமும் குளிப்பாட்டும்போது அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்குவாள். வலிக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். நல்லாருக்கேன் ஆவுடை என்றுதானே சொன்னார்.

ஜெசிந்தா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று விநாடியைச் சொன்னாள். அதை எழுதியது தான் என்பதையும் சொன்னாள். ஆவுடையம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். புரிந்ததா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. முடித்த பிறகு ஆவுடையம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். பொங்கலன்று புதுச்சேலை கட்டி வந்து நின்றபோது 'நல்லாருக்கு' என்றது? அது அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பு எதற்கோ சொன்னது, போன் எடுத்துப் போட்டது. தம்பி செத்த அன்று 'அழாத, நான் இருக்கேன்லா' என்றது? அதுவும் அப்படித்தான். கண் ஆபரேஷன் வேண்டாம் என்று அவள் பயந்தபோது 'பண்ணிக்க, ஒண்ணும் செய்யாது' என்றது? ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவுக ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாங்கம்மா. தோள்னு சொன்னாங்க. அது 'நல்லாருக்கேன்'னு சொல்லும்போதெல்லாம் இல்லன்னு சொன்னாங்க."

ஆவுடையம்மாள் எழுந்து போய்க் கணவரின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். அவரைத் தொடக் கையை நீட்டி, எங்கே தொடுவது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஜெசிந்தாவை அவள் திட்டவில்லை. போய்விட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. ஜெசிந்தா தானாகவே எழுந்து வந்துவிட்டாள்.

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, தோள்மூட்டு கழன்று ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும் என்றார். உடனே வந்திருந்தால் சுலபம், இனி பழையபடி பொருத்த முடியாது, கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து வலியைக் குறைக்கலாம். ஜெசிந்தா இதை டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். நைனா முகம்மது மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, கடிதம் அனுப்ப வேண்டாம், சொல்வதானால் நேரில் போய்ச் சொல், முதல் நாலு வீட்டுக்கு நானும் வருகிறேன் என்றார். அடுத்த ஒரு மாதத்தில் அவள் ஒன்பது வீடுகளுக்குப் போனாள். இரண்டு வீட்டில் முகத்திலடித்த மாதிரிக் கதவைச் சாத்தினார்கள். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில், போன வாரம்தான் எடுத்தோம் என்று சொல்லி, மாலை காய்ந்து தொங்கிய படத்தைக் காட்டினார்கள். அங்கே அவள் வந்த விஷயத்தைச் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

ஐப்பசிக் கடைசியில் ஆவுடையம்மாளிடமிருந்து போன் வந்தது. ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

சுடலைமுத்துவின் தோளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நெற்றியில் பட்டையும் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை என்றாள் ஆவுடையம்மாள். தினமும் காலையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறாள். அவர் ஜன்னலைத்தான் பார்க்கிறார். அடுப்படிக்கு ஜெசிந்தாவைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"வீடு மசானமா கெடக்கும்மா. எனக்கு அந்தப் பழசப் போட்டுக் குடு. அவுக போன்ல வேண்டாம். எம்போன்ல போடு. இங்ஙன வச்சு ரெண்டு வார்த்த கேட்டுக்கிடுதேன். அவுகளுக்குக் கேக்காது."

"அது அவர் பேசுறதில்லன்னு தெரியும்லாம்மா?"

"தெரியும். பதினாலு மாசம் அதுகூடத்தான குடும்பம் நடத்திருக்கேன். அவுகளுக்கு வலிச்சிருக்கு, எனக்கு ஆறுதலா இருந்திருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல. அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு. ஆனாலும் தேடுது."

ஜெசிந்தாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போட்டுக்கொடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் குரல் அவருடையது. அவரைக் கேட்காமல் இரண்டாவது முறை அதைச் செய்ய அவளுக்கு மனமில்லை. அதைச் சொன்னாள். ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேப்போம் என்றாள்.

அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். ஒங்க கொரல எம்போன்ல போட்டுக்கிடட்டுமா, நான் தனியாக் கெடக்கேன், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்.

காத்திருந்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்து போயிற்று. ஜெசிந்தா நின்றுகொண்டே இருந்தாள். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும், திரையில் ஓர் எழுத்து வந்தது.

பா.

"பால் கேக்காக போல," என்று ஆவுடையம்மாள் எழப்போனாள். ஜெசிந்தா அவள் தோளில் கைவைத்து உட்கார்த்தினாள். சுடலைமுத்துவின் நெற்றியில், பட்டைக்குக் கீழே, வியர்த்திருந்தது. இன்னும் ஒன்பது நிமிஷம் கழித்து அடுத்த எழுத்து வந்தது. அதற்கடுத்து ஒரு மெய். சொல் முடிந்துவிட்டது என்று செயலி புரிந்துகொண்டு, ஆயிரம் பேர் கூடிய மைதானங்களில் முழங்கிய அந்தக் குரலில் பேசியது.

"பாவம்."

அவ்வளவுதான். கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது.

ஆவுடையம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே அவருடைய நல்ல கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னயச் சொல்லுதாக," என்றாள். "தனியாக் கெடக்கேன்னு சொன்னேம்லா. பாவம்னு சொல்லுதாக. இம்புட்டு வலியத் தின்னுட்டு, என்னயப் பாத்துப் பாவங்காக." கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பாமலே, "பழசு வேண்டாம்மா. இது போதும்," என்றாள்.

ஜெசிந்தா சரி என்றாள். அந்தச் சொல் வந்தபோது சுடலைமுத்து மனைவியைப் பார்க்கவில்லை. முக்காலிக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தாவைத்தான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் ஆவுடையம்மாளிடம் சொல்லவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.